விலைச் சீட்டும் வண்டி வீடும்

ஒரு பொருளின் விலை என்னவென்று கேட்பது எளிது. அவ்விலை நேர்மையானதுதானா என்று அறிவது அரிது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இந்தத் தொல்லை இல்லை. குறித்த விலை இவ்வளவு, தள்ளுபடி நூற்றுக்கு இவ்வளவு, விற்ற விலையைக் காண்க என்று கணக்குத் தொடங்கும். இரண்டு வரிகளில் விடை வந்துவிடும். பல ஆண்டுகள் அந்தக் கணக்கை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் அக்கணக்கினுள் வரலாற்றுக் கேள்விகள் சில பதுங்கியிருக்கின்றன. விலையைக் குறித்தவர் யார்? எல்லாரும் காணும்படி குறித்தாரா, ஆளைப் பார்த்துச் சொன்னாரா? குறித்த விலை உண்மை விலையா, குறைப்பதற்கென்றே கூட்டிவைத்த விலையா? இக்கேள்விகளுக்கு மனிதர் விடைதேடிய வரலாற்றை, அமெரிக்க நாட்டில் விற்கப்படும் ஒரு வண்டியைச் சான்றாகக் கொண்டு கூற விரும்புகிறேன்.

அந்த வண்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உணவு மேசை ஆகியவை அதனுள் அடங்கியிருக்கும். அமெரிக்கர் அதனை டிரெய்லர் என்பர். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு அதை இழுத்துக்கொண்டு காடும் மலையும் ஏரியும் காணப் புறப்படுவர். டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த ஆர்தர் ஷெர்மன் என்னும் நுண்ணுயிர் ஆய்வாளர் தம் குடும்பத்துக்கென ஒரு டிரெய்லரைச் செய்வித்தார். பழங்காலக் குடியேறிகளின் கூண்டு வண்டியை நினைவூட்டும் 'கவர்டு வேகன்' என்ற பெயர் அதற்கு அமைந்தது. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அவர் அதை 400 டாலர் விலைக்கு வைத்தார். வாலி பையம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936-இல் அலுமினியத் தகடு வேய்ந்த 'கிளிப்பர்' என்ற டிரெய்லரை 1,200 டாலருக்கு விற்றது. பின்னர் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம் இத்தொழிலுக்குத் தலைநகரம் போலாயிற்று.

இன்று அத்தகைய டிரெய்லர் ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். நடுத்தரக் குடும்பத்தினர் வீட்டுக்கும் காருக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் ஒரே ஆலையில் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட இரண்டு டிரெய்லர்களை வாங்கிய இருவர், ஒரே ஏரிக்கரையில் தங்கித் தாம் கொடுத்த விலையை ஒப்பிட்டால், இடையே பல்லாயிரம் டாலர் வேறுபாடு இருக்கலாம். ஒருவர் பேரம் பேசத் தெரிந்தவர். மற்றவர் கேட்டதைக் கொடுத்தவர். தீப்பெட்டிக்கும் சட்டைத் துணிக்கும் அச்சிட்ட விலை உள்ள ஒரு நாட்டில், இத்துணைப் பெரிய பொருளுக்கு மட்டும் பேரம் ஏன் நிலைத்தது? இதனை அறிய நாம் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் குவேக்கர் என்ற சமயக் குழுவைத் தோற்றுவித்தார். அக்காலத்துக் கடைவீதியில், கொள்ளக் கருதிய விலைக்கு மேல் வியாபாரி கேட்பான். கொடுக்கக் கருதிய விலைக்குக் கீழ் வாங்குவோன் கேட்பான். இருவரும் பொய்யில் தொடங்கி நடுவில் எங்கேனும் சந்திப்பார்கள். வாயால் பொய் சொல்லுதல் பாவம் என்றால், கொள்ளக் கருதாத விலையைச் சொல்லுவதும் பாவமே என்று குவேக்கர் வாதிட்டனர். ஆகவே அவர்கள் கடையில் ஒரே விலைதான். அது எவருக்கும் மாறாது. பேரம் பேசிப் பழகிய மக்கள் முதலில் அக்கடைகளை விட்டு விலகினர். நாளடைவில், சிறு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றாத கடை என்ற நம்பிக்கை பிறந்தது, வாணிகம் பெருகிற்று. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை! நேர்மை விலைக்கு இதனினும் எளிய இலக்கணம் வேண்டுவதில்லை.

சமயக் கொள்கையாகத் தோன்றிய இவ்வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருங்கடைகள் வாணிகக் கொள்கையாக ஏற்றுக்கொண்டன. நியூயார்க் நகரில் 1846-இல் பளிங்கு மாளிகை போன்ற கடையைத் திறந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் ஒரே விலை முறையைக் கையாண்டார். பாரிஸ் நகரின் 'போன் மார்ஷே' கடையில் 1852 முதல் அரிஸ்தீத் பூசிக்கோ விலை குறித்த சரக்கை விற்றார். பிலடெல்பியாவில் பழைய ரயில் கிடங்கொன்றை வாங்கி 1876-இல் கடையாக்கிய ஜான் வனமேக்கர், விலைச் சீட்டு இல்லாத பொருளே கடையில் இருத்தலாகாது என்ற கொள்கையைப் பரப்பினார். இதற்கு அறம் ஒன்றே காரணம் என்று நாம் கருதிவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான சிற்றாட்களை வைத்து நடத்தும் கடையில், ஒவ்வொருவனையும் பேரம் பேச விடுவது முதலாளிக்கே ஆபத்து. காலமும் வீணாகும், கணக்கும் நிற்காது. அறமும் வசதியும் கைகோத்து நடந்தமையால்தான் விலைச் சீட்டு வென்றது.

ஆனால் மோட்டார் கார் விற்பனை இந்த ஓட்டத்தில் சேரவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, காரைச் செய்யும் ஆலை ஒருவருடையது. விற்கும் கடை மற்றொருவருடையது. ஆலையார் ஒரு விலையைப் பரிந்துரைக்கலாம். கடைக்காரர் தம் விருப்பம்போல் விற்பார். இரண்டாவது, புதுக்கார் வாங்க வருவோர் பலர் தம் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து, அதை எடுத்துக்கொண்டு மீதிக்குப் பணம் பெறும்படி கேட்பார். பழைய கார் ஒவ்வொன்றின் தேய்மானமும் வெவ்வேறு. அதற்கு விலைச் சீட்டு ஒட்ட இயலாது. பழையதற்குப் பேரம் புகுந்த வாயில் வழியே புதியதற்கும் பேரம் புகுந்தது. குதிரைச் சந்தையின் பழைய பழக்கம் மோட்டார்க் கொட்டகையில் புதுவாழ்வு பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார்ப் பஞ்சம் நிலவியது. பஞ்சம் தீர்ந்து, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகள் சென்றபின் ஆலைகள் தேவைக்கு மேல் செய்து குவித்தன. கடைக்காரர் எவ்வாறேனும் விற்றாக வேண்டிய நிலை வந்தது. அப்போது பரவிய தந்திரம் ஒன்றைக் கணக்காகவே பார்ப்போம். புதுக்காரின் நியாய விலை 2,500 டாலர் என்றும், வாங்குவோரின் பழைய காரின் மதிப்பு 500 டாலர் என்றும் கொள்க. அவர் கொடுக்க வேண்டிய மீதி 2,000. கடைக்காரரோ புதுக்காரின் விலை 3,000 என்பார். வாங்குவோர் திகைக்கும்போது, "உங்கள் பழைய காருக்கு நான் 1,000 டாலர் தருகிறேன்" என்று தாராளம் காட்டுவார். தம் கார் இருமடங்கு விலைபோயிற்று என்று அவர் மகிழ்ந்து வீடு திரும்புவார். மீதி என்ன? அதே 2,000! இங்கே விற்கப்பட்டது மகிழ்ச்சி மட்டுமே. புதுவிலையை 3,400 என்று சொல்லியிருந்தால், அந்த மகிழ்ச்சிக்கு அவர் 400 டாலர் கூடுதலாகவும் கொடுத்திருப்பார்.

இவ்வழக்கத்தை ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர் மைக் மன்ரோனி எதிர்த்தார். அவர் முன்னாளில் பத்திரிகையாளர். மறைத்ததை வெளியே கொண்டுவரும் தொழிலில் பழகியவர். செனட் சபையின் துணைக்குழுவொன்றின் தலைவராக அவர் கார் விற்பனை முறைகளை விசாரித்தார். அதன் பயனாகப் பிறந்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1958 ஜூலை 7-ஆம் நாள் கையெழுத்திட்டார். 1959-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, ஒவ்வொரு புதுக்காரின் கண்ணாடியிலும் ஆலையார் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று அது விதித்தது. ஆலையார் பரிந்துரைக்கும் விலை, கூடுதலாகப் பொருத்திய ஒவ்வொரு சாதனத்தின் விலை, கொண்டுவந்த வண்டிக்கூலி, இவற்றின் மொத்தம் ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். வாங்குவோர் கைக்குக் கார் சேருமுன் சீட்டைக் கிழித்தால் தண்டனை உண்டு. அச்சீட்டை அமெரிக்க மக்கள் இன்றும் மன்ரோனி சீட்டு என்றே வழங்குகின்றனர்.

இச்சட்டத்தின் நுட்பத்தை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நம் நாட்டில் உறையிட்ட பண்டங்களின்மேல் அச்சிடப்படும் அதிகபட்சச் சில்லறை விலை ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் விற்பது குற்றம். மன்ரோனி சீட்டு அத்தகையதன்று. அதற்கு மேலும் விற்கலாம், கீழும் விற்கலாம். அச்சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை; விலையைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்தியது. பேரத்தை அது ஒழிக்கவில்லை. பேரம் பேசும் இருவருள் ஒருவர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் நிலையைத்தான் ஒழிக்க முயன்றது.

இனி நம் வண்டி வீட்டுக்கு வருவோம். கார் என்பதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் விளக்கத்தில் பயணிகள் காரும், அதன் வகையான ஸ்டேஷன் வாகனும் மட்டுமே அடங்கும். பின்னே இழுத்துச் செல்லும் டிரெய்லர் அடங்காது. ஆகவே காருக்கு விலைச் சீட்டு கட்டாயம். அந்தக் காரின் பின்னே பூட்டும் வீட்டுக்குக் கட்டாயம் இல்லை. டிரெய்லர்களிலும் விலை எழுதிய தாள் தொங்குவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் குறைப்பதற்கென்றே எழுதிய விலை. அத்தாளின் விலையில் நூற்றுக்கு இருபது, முப்பது குறைத்துக் கேட்கத் தயங்காதீர் என்று அனுபவப்பட்டவர்கள் புதியவர்களுக்கு அறிவுரை கூறுவது அங்கே சாதாரணம். அறிவுரை கேட்காதவர் என்ன செய்வார்? தாளில் கண்டதில் ஐந்தோ பத்தோ குறைந்ததே பெரும்பேறு என்று கொள்வார்.

விலை மறையும் வழிகள் வேறும் உள்ளன. கடைக்காரர் ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, வண்டியின் விலை, பழைய வண்டியின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை என்று எழுதுவார். ஒரு கட்டத்தில் குறைத்ததை மற்றொரு கட்டத்தில் கூட்டிவிடலாம். வாங்குவோரின் கண் மாதத் தவணையிலேயே நிற்கும். நூற்றுக்கு 8 வட்டியில் 30,000 டாலர் கடன் வாங்குவதாகக் கொள்வோம். பத்தாண்டுத் தவணையானால் மாதம் ஏறக்குறைய 364 டாலர். இருபதாண்டுத் தவணையானால் ஏறக்குறைய 251 டாலர். பின்னது சிறிதாகத் தோன்றுகிறது அன்றோ? ஆனால் முன்னதில் மொத்த வட்டி ஏறத்தாழ 13,700 டாலர். பின்னதில் 30,200 டாலர். வட்டி அசலையே மிஞ்சிவிட்டது! டிரெய்லர்களுக்கு இத்தகைய நெடுங்காலக் கடன் கிடைப்பது அங்கே புதுமையன்று. வட்டி வீதத்தை ஒரே முறையில் கணக்கிட்டு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1968-இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியதன் காரணம் இதனால் விளங்கும்.

அப்படியாயின் விவரமறிந்தவர் எவ்வாறு வாங்குகிறார்? அவர் உரத்துப் பேசுபவர் அல்லர். முதலில், தமக்கு வேண்டிய மாதிரி எதுவென்று முடிவுசெய்து, பல ஊர்க் கடைகளில் அதே மாதிரிக்கு விலை கேட்டு எழுதிவைக்கிறார். அடுத்து, வண்டி விலை, வண்டிக்கூலி, ஆயத்தக் கூலி, பத்திரக் கட்டணம், வரி யாவும் சேர்ந்த முடிவுத்தொகை ஒன்றையே எழுத்தில் கேட்கிறார். பழைய வண்டியைப் பற்றியும் கடனைப் பற்றியும் அத்தொகை முடிவான பிறகே வாய் திறக்கிறார். கடைக்காரரின் கணக்கையும் எண்ணிப் பார்க்கிறார். அவர் பெரும்பாலும் கடன் வாங்கியே சரக்கை நிறுத்திவைத்திருப்பார். நாள் ஏற ஏற வட்டி ஏறும். புதிய ஆண்டு மாதிரி வந்துவிட்டால் பழைய மாதிரி அவருக்குப் பாரம். கோடை முடிந்து குளிர் தொடங்கினால் வாங்குவோர் கூட்டமும் குறையும். டிரெய்லரில் விலைச் சீட்டு கட்டாயமில்லை எனினும், செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், தாங்கக்கூடிய மொத்த எடையும் பொறித்த தகடு கட்டாயம் இருக்கும். கூர்மதியுடையவர் அத்தகட்டைப் படித்து, அவ்வண்டி எத்தனை மாதங்களாக வாங்குவோரை எதிர்நோக்கி நிற்கிறது என்று அறிந்துகொள்கிறார்.

மாணவ நண்பர்களே, பேரம் திறமையுள்ளவனுக்குப் பரிசு. அதில் என்ன தவறு என்று உங்களில் சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு 1991-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை கூறிற்று. சட்ட அறிஞர் இயன் ஏயர்ஸ் சிகாகோ வட்டாரத்தின் தொண்ணூறு கார்க் கடைகளுக்கு ஆண்களையும் பெண்களையும், வெள்ளையரையும் கறுப்பரையும் அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பேச்சு, ஒரே பேர முறை. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட பேரங்கள் நடந்தன. கடைக்காரர் வைத்த இலாபத்தை ஒப்பிட்டபோது, வெள்ளை ஆண்களிடம் கேட்டதைவிட வெள்ளைப் பெண்களிடம் நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதலாகவும், கறுப்பு ஆண்களிடம் இருமடங்குக்கு மேலாகவும், கறுப்புப் பெண்களிடம் மும்மடங்குக்கு மேலாகவும் இலாபம் கேட்கப்பட்டிருந்தது. திறமை சமமாயிருந்தும் விலை சமமாகவில்லை. பேரம் ஆளின் திறமையை மட்டும் அளக்கவில்லை, ஆளையே அளந்தது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை என்ற குவேக்கர் கொள்கையின் அருமை இங்கேதான் புலப்படுகிறது.

மற்றோர் ஆராய்ச்சி நம்பிக்கை தருவது. இணையத்தின் வழியே விலை விசாரித்துக் கார் வாங்கியவர்களின் கணக்கைப் பொருளியல் அறிஞர் சிலர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். சிறுபான்மையினர் கடையில் நேரே பேரம் பேசியபோது கூடுதலாகக் கொடுத்தனர். இணையத்தின் வழி வாங்கியபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. அவர்களுக்கு நாவன்மை புதிதாக வரவில்லை. செய்தி வந்தது, அவ்வளவே. அமெரிக்க வாணிக ஆணையம் வண்டி விற்பனையில் மறைவிலையைத் தடுக்க ஒரு விதியை 2024 ஜனவரியில் வெளியிட்டது. அவ்விதியும் டிரெய்லர்களை விலக்கிவிட்டுக் கார் முதலியவற்றையே கருதியது. உரிய முறைப்படி இயற்றப்படவில்லை என்று கூறி, நடைமுறைக்கு வருமுன்பே, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. ஆகவே வண்டி வீடு வாங்குவோருக்கு இன்னும் தம் அறிவே துணை.

விற்பவர் பக்கத்தையும் மறத்தலாகாது. கடைக்காரருக்கு வாடகை உண்டு. ஆட்களுக்குக் கூலி உண்டு. விற்றபின் பழுது பார்க்கும் பொறுப்பும் உண்டு. அவர் இலாபம் பெறுவது குற்றமன்று. நேர்மை விலை என்பது மிகத் தாழ்ந்த விலை அன்று. இருவரும் உண்மையை அறிந்தபின், இருவரும் மறைவின்றி ஒப்பும் விலையே நேர்மை விலை. வாங்கியவர் மறுநாள் அயலாரிடம் கூற நாணாத விலை அது. விற்றவர் அதே நாள் அடுத்து வருவோரிடம் கூற அஞ்சாத விலையும் அதுவே.

குவேக்கர் கடையிலிருந்து மன்ரோனி சீட்டு வரை நாம் கண்டது ஒரே முயற்சிதான். விலையைத் தனிமனிதரின் நாவிலிருந்து எடுத்து, எல்லாரும் படிக்கும் எழுத்தில் வைக்கும் முயற்சி அது. அது முற்றுப்பெறாத இடங்கள் உலகில் இன்னும் பல. டிரெய்லர் விற்கும் கொட்டகை அவற்றுள் ஒன்று. அத்தகைய இடத்துக்கு நீங்கள் செல்ல நேர்ந்தால், எழுத்தில் கேளுங்கள், மொத்தத்தைக் கேளுங்கள், தவணையை வட்டியோடு பெருக்கிப் பாருங்கள். பள்ளியில் படித்த இலாப நட்டக் கணக்குத் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பேரம் தெரியாத தாயும், எழுத்தறியாத பாட்டனும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்கும் கடைவீதியில் ஒரே விலை கிடைக்கச் செய்வது படித்தவர் கடமை.